அலைவாய்க் கரையில் மூன்று நாட்கள்

ஆறுபடை வீடுகளுள் கடலோரத்தில் அமைந்த தலம் திருச்செந்தூர் ஒன்றே. திருமுருகாற்றுப்படை இத்தலத்தை ‘அலைவாய்’ என்று குறிக்கிறது. கோபுரத்தைச் சொல்லவில்லை, குன்றைச் சொல்லவில்லை, அலையைச் சொல்லியே ஊரை அழைத்தார்கள் அக்காலத்தவர். இன்று அங்கே செல்லும் பல குடும்பங்கள் அந்த அலையின் அருகே அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. விடியலில் வந்து இறங்குதல், கடலில் ஒரு முழுக்கு, நாழிக்கிணற்றில் ஒரு முழுக்கு, வரிசை, தரிசனம், இலை விபூதி, பிற்பகலில் அடுத்த ஊர். பெரியவர்களுக்கு இது பழகிப்போன கணக்கு. சிறு குழந்தைகள் உடன் வரும்போது இக்கணக்கு ஒத்துவருவதில்லை.

கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து அங்கே சென்ற ஒரு குடும்பத்தில் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், எட்டு வயதுப் பேரன், நான்கு வயதுப் பேத்தி என ஆறு பேர். முந்தைய ஆண்டு பேத்தி கடுங்காய்ச்சலில் பல நாட்கள் மருத்துவமனையில் கிடந்தபோது தாத்தா ஒரு பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார். குழந்தை எழுந்து விளையாடினால் செந்தூருக்கு அழைத்து வந்து முடியிறக்கி, கடலில் நீராட்டிச் சந்நிதியில் நிறுத்துவதாக வேண்டுதல். குழந்தை தேறிவிட்டாள். ஓராண்டாக அந்தக் கடன் தாத்தாவின் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. குழந்தைகளின் பெற்றோரோ, மூன்று நாட்கள் கடற்கரையில் ஓய்வாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் விடுப்பு எடுத்திருந்தார்கள். தாத்தாவின் சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. நவதிருப்பதி, குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன், முடிந்தால் கன்னியாகுமரி என்று அந்த மூன்று நாட்களையும் அவர் மணிக்கணக்காகப் பிரித்து எழுதி வைத்திருந்தார்.

மாலையில் எழும்பூரில் புறப்படும் செந்தூர் விரைவு ரயில், திருநெல்வேலியைக் கடந்ததும் தாமிரபரணியின் வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே செல்கிறது. வழியில் வருவது ஸ்ரீவைகுண்டம். 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் இதே ரயில், திருச்செந்தூரிலிருந்து திரும்பும் வழியில் இந்த நிலையத்தில் சிக்கிக்கொண்டது. சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்து நின்றபோது, அருகிலிருந்த ஊர் மக்கள் தங்கள் வீட்டில் இருந்ததைச் சமைத்துப் பயணிகளின் பசியாற்றினார்கள். அந்த மக்களை எண்ணியாவது இந்த நிலையத்தை உறங்காமல் கடக்கலாம்.

குமரகுருபரர் அவதரித்த ஊரும் இதுவே. ஐந்து வயது வரை அவர் வாய் திறந்து பேசவில்லை. பெற்றோர் அவரைச் செந்தூர்க் கோயிலுக்கு எடுத்துச் சென்று, ஒரு மண்டலம் அங்கேயே தங்கி விரதம் இருந்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. குழந்தைக்குப் பேச்சு வந்தது. கந்தர் கலிவெண்பா பிறந்தது. பின்னாளில் காசியில் மடம் கண்ட அந்த மகானின் கதையைத் தாத்தா பேரனுக்குச் சொன்னார்.

“அத்தனை நாள் அந்தப் பையன் என்ன செய்திருப்பான் தாத்தா?” என்று கேட்டான் பேரன்.

தாத்தாவிடம் விடை இல்லை. “மணலில் விளையாடியிருப்பான்” என்றாள் பாட்டி.

முதல் நாள் காலை முடியிறக்கும் வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துப் பேத்தி சிரித்தாள். கடலைக் கண்டதும் சிரிப்பு நின்றது. செந்தூர்க் கடல் குளம்போல் கிடக்கும் இராமேசுவரத்துக் கடல் அன்று. அலை உயர்ந்து வந்து கரையில் அறைகிறது. நான்கு வயதுக் குழந்தையின் கண்ணுக்கு அது தன்னைவிடப் பெரியது. தாத்தா தூக்கிக்கொண்டு இரண்டடி இறங்கினார். குழந்தை அவர் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு அலறினாள். மீண்டும் முயன்றார், மீண்டும் அலறல். சுற்றியிருந்தவர்கள், “ஒரே முழுக்கு, அவ்வளவுதான், முக்கி எடுங்கள்” என்றார்கள். பெரும்பாலும் அப்படித்தான் செய்துவிடுகிறோம். அக்குழந்தைக்குக் கடல் என்றால் அதன்பின் நெடுநாள் அச்சமே நினைவுக்கு வரும்.

பாட்டி படியில் அமர்ந்தபடியே அழைத்தாள். “அவளை இறக்கி விடுங்கள். ஒரு செம்பில் கடல்நீர் கொண்டுவாருங்கள். ஐந்து வருடமாக என் முழங்காலுக்கு நானும் தலையில் தெளித்துக்கொண்டுதானே தரிசனத்துக்கு வருகிறேன்? என்னை ஏற்றுக்கொண்டவன் இவளை ஏற்கமாட்டானா?”

நோயுற்றவர்களும் முதியோரும் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்வது காலங்காலமாக உள்ள வழக்கம்தான். தாத்தா அறியாதது அன்று. ஆனால் அவர் சொன்ன சொல் ‘நீராட்டி’ என்பது. தெளித்தார், முகம் தெளியவில்லை.

நாழிக்கிணற்றில் குழந்தைக்கு அச்சம் இல்லை. கோயிலுக்குத் தெற்கே, படிகள் இறங்கிச் செல்லும் இக்கிணறு, படைவீரர்களின் தாகம் தீர முருகப்பெருமான் வேலால் உண்டாக்கியது என்பது தலபுராணம். கடல் இத்தனை அருகே இருக்க, நீர் உப்புக் கரிப்பதில்லை. பேரன் நாவில் வைத்துப் பார்த்து, மறுபடியும் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டான். ஆண்கள் மேலாடை களைந்தே உள்ளே செல்ல வேண்டும் என்ற விதி அவனுக்குப் பெரும் மகிழ்ச்சி. சூரனை வென்றபின் சிவபூஜை செய்யும் கோலத்தில் நிற்கிறார் மூலவர். அவர் முன்னே தாத்தா நெடுநேரம் கண்மூடி நின்றார். பன்னீர் இலையில் வைத்துத் தரும் விபூதியைப் பாட்டி பிரித்து, இலையின் நரம்புகளைப் பேத்தியை எண்ணச் சொன்னாள். ஆறுமுகனின் பன்னிரு கரங்களே அந்த நரம்புகள் என்பர். குழந்தைக்கு ஏழுக்கு மேல் எண்ண வரவில்லை.

உச்சிக்கால பூஜை முடிந்தபின் நடக்கும் ஒரு வழிபாட்டைப் பிற்பகலுக்குள் ஊர் திரும்பும் அவசரத்தில் பலர் காண்பதில்லை. பாலும் அன்னமும் ஒரு பாத்திரத்தில் எடுத்து, மேளதாளத்துடன் கடலுக்குச் சென்று கரைப்பார்கள். கங்கை பூஜை என்று இதற்குப் பெயர். அன்று அக்குடும்பம் தற்செயலாகவே அதைக் கண்டது.

“கடலுக்கும் சாப்பாடா?” என்றாள் பேத்தி.

“ஆமாம் கண்ணு. தினமும் சாமி சாப்பிட்டதும் அதற்கும் உண்டு.”

“அதனாலதான் கத்துதா? பசியா?”

யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் விடியலில் நவதிருப்பதிக்கு வண்டி சொல்வதாக இருந்தது. குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள், மருமகளும் பல மாதங்களுக்குப் பிறகு அசந்து உறங்கினாள். எழுப்ப மனம் வராமல் தாத்தா தனியே கடற்கரைக்கு நடந்தார். சூரியன் நீருக்குள்ளிருந்து எழுவதை, இத்தனை முறை வந்தும், அன்றுதான் முழுதாகக் கண்டதாகப் பிறகு பாட்டியிடம் சொன்னார். வண்டியைப் பற்றி அதன்பின் பேச்சு இல்லை.

அந்நாள் முழுவதும் சோம்பலாகவே கழிந்தது. வெயில் ஏறும் முன் மணல். வெயிலில் அறையும் உறக்கமும். மாலையில் மறுபடி மணல். கோயிலுக்கு வடக்கே கரையோரப் பாறையில் குடைந்த வள்ளி குகைக்குள் பேரன் குனிந்து நுழைந்து வந்தான். பதநீரும் நுங்கும் கிடைக்கும் காலம் அது. சுக்குக் காபி எக்காலத்திலும் உண்டு. உடன்குடிக் கருப்பட்டியைப் பாட்டி பேரம் பேசி வாங்கினாள். பேத்தி அலையிலிருந்து இருபதடி தள்ளியே அமர்ந்து மணலில் கோபுரம் கட்டினாள். ஒவ்வொரு பெரிய அலைக்கும் தலைநிமிர்ந்து பார்த்தாள். அருகே வா என்று யாரும் அழைக்கவில்லை.

கடலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அண்மை ஆண்டுகளில் அரிப்பினால் இக்கரையில் சில இடங்களில் மணல் திடீரென இறங்கிப் பள்ளமாகிவிடுகிறது. நீர் உள்வாங்கும் நாட்களில் வெளிப்படும் பாறைகளில் பாசி வழுக்கும். அவற்றின் மேல் ஏறிப் படம் எடுப்பவர்கள்தாம் அதிகம் அடிபடுகிறார்கள். காவலர்கள் விசில் ஊதினால் கரையேறிவிட வேண்டும். குழந்தையின் கையை ஒரு பெரியவர் விடாமல் பிடித்திருக்க வேண்டும். கைப்பேசி அந்தக் கையில் இருக்கக் கூடாது. பேரனை அவன் தந்தை அப்படித்தான் பிடித்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை பேத்தி கையில் எதையோ மூடிக்கொண்டு வந்தாள். திறந்து பார்த்தால் ஒரு சிறு துண்டுக் கருப்பட்டி. பாட்டியின் பொட்டலத்திலிருந்து எடுத்தது. ஈர மணலின் விளிம்பு வரை தானாகவே நடந்து சென்று வீசினாள். அது நீரைத் தொடாமல் மணலிலேயே விழுந்தது. “எடுத்துக்கோ” என்று கடலைப் பார்த்துச் சொன்னாள். அடுத்த அலை மெல்ல ஏறி வந்து அதை எடுத்துக்கொண்டு, அவள் கணுக்காலையும் நனைத்துத் திரும்பியது. குழந்தை ஓடவில்லை. தாத்தாவின் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் அங்கேயே மணலில் அமர்ந்தார்கள். அலை இடுப்பு வரை வந்து போயிற்று. தாத்தா இரு கைகளாலும் நீரை அள்ளி அந்த மொட்டைத் தலையில் மூன்று முறை வார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. பாட்டி படியிலிருந்து எழுந்து, மருமகளின் தோளைப் பற்றிக்கொண்டு, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு தன் பாதங்களையும் நனைத்தாள்.

அன்று மறுபடியும் சந்நிதிக்குச் சென்றார்கள்.

இரவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றபோது பேத்தி தாத்தாவின் மடியில் உறங்கிவிட்டிருந்தாள். தலையில் பூசிய சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. சன்னலோரம் அமர்ந்திருந்த பேரன், “பேசாத பையன் ஊர் இதுதானே?” என்று கேட்டான். ஆமாம் என்று தலையசைத்தார் தாத்தா.