நின்று இற்றுப்போகும் வண்டிகள்

மரக்காணத்தில் பழைய கார் பார்க்க வருகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கிறார்கள். ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்கிறார்கள். சைலன்சரில் என்ன நிறத்தில் புகை வருகிறது, மீட்டரில் எத்தனை ஆயிரம் ஓடியிருக்கிறது, எத்தனையாவது ஓனர் என்று விசாரிக்கிறார்கள். எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் இந்தக் கரையில் இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தனை வருஷமும் வண்டி ராத்திரியில் எங்கே நின்றது?

ஆர்.சி. புத்தகம் இதைச் சொல்லாது. டி.என். 16 என்றால் திண்டிவனம் பதிவு என்று தெரியும், அவ்வளவுதான். மயிலத்தில் வீட்டுக் கொட்டகைக்குள் நின்ற வண்டிக்கும், அனுமந்தையில் கடலைப் பார்த்தபடி வெட்டவெளியில் நின்ற வண்டிக்கும் ஒரே எண் வரிசை. மாடலும் கிலோமீட்டரும் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்களுக்கு எங்கள் உப்பளங்கள் அழகு. வெள்ளைக் குவியல்களைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அளத்தில் வேலை செய்கிறவர்களின் கையைப் பார்த்தால் வேறொன்று தெரியும். உப்பு வாருவது மரப்பலகையால். நீண்ட மூங்கிலோ கழியோ அதற்குப் பிடி. இரும்பு அங்கே நிலைக்காது என்பது அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த சங்கதி. நாம்தான் ஒரு டன் இரும்பைக் கொண்டுவந்து அளத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஏன் துருப்பிடிக்கிறது என்கிறோம்.

மழை பெய்தால்தான் துரு ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் அளவைத் தாண்டினால், உப்புத் துகள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். எங்கள் இரவுகளில் அந்த ஈரம் சாதாரணம். கத்திரி வெயில் காலத்தில்கூட வண்டியின் அடிப்பாகம் ராத்திரி உப்புநீரில் நனைகிறது, பகலில் காய்கிறது, மறுபடி நனைகிறது. ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் இங்கே சீக்கிரம் கெடும்.

இங்கே தெருவில் நிற்கும் பழைய செடான்களில் பல, ஒரு பகல் பயண தூரத்துக்குள்ளேயே பிறந்தவை. மறைமலை நகரில் ஃபோர்டு ஐகான், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆக்சென்ட், திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் என்று 1998, 1999 வாக்கில் வரிசையாக வந்தபோது ஆசிரியர், குமாஸ்தா வீடுகளில் அவற்றை எட்ட நின்றுதான் பார்த்தோம். வருஷங்கள் கழித்து அவையும் அவற்றின் தம்பிகளும் ஒன்று, ஒன்றரை லட்சத்துக்கு எங்கள் கைக்கு வந்தன. இன்ஜினைப் பற்றி நான் பெரிதாகப் பயந்ததில்லை. இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்த பிறகும், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது சாமானுக்கும் புதுப்பேட்டையில் கழற்றிய சாமானுக்கும் தேடினால் வழி உண்டு. டைமிங் பெல்ட் போட்ட இன்ஜினாக இருந்தால், பழைய பில் இல்லாத பட்சத்தில் வாங்கிய கையோடு பெல்ட்டை மாற்றிவிட வேண்டும். சில ஆயிரத்தில் முடியும். அசட்டையாக விட்டு, ஓட்டத்தில் அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு வளைந்து ஹெட்டையே இறக்க வேண்டிவரும். எப்படியும் அதற்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு. உடம்பு இற்றுப்போன வண்டிக்குத்தான் கணக்கே கிடையாது.

அப்படி வாங்கிய எங்கள் வண்டியைத் தூக்கி நிறுத்தியபோது டிங்கரிங் பட்டறை அண்ணன் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் அடிக்கட்டையைப் பிடி முனையால் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் கணீரென்றது. பின் கதவுக்குக் கீழே வந்ததும் சத்தம் மட்டுப்பட்டு, டொக்கென்றது. அங்கே நுனியை வைத்து அழுத்தினார். பெயின்ட் பளபளவென்று இருந்த இடம்தான். நுனி உள்ளே போய்விட்டது. பழுப்புத் துரு ஏடு ஏடாகக் கொட்டியது, கூடவே ஒரு பிடி மணல். உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்காக அடியில் விட்டிருக்கும் ஓட்டைகளை மணலும் யாரோ முன்பு பூசிய பட்டியும் அடைத்திருந்தன.

“சார், இது ஓடித் தேஞ்ச வண்டி இல்ல. நின்னு இத்துப்போன வண்டி” என்றார்.

வலை வைத்துப் பட்டி பூசி பெயின்ட் அடித்தால் மூவாயிரத்துக்குள் முடிந்திருக்கும். அவர் அதைச் செய்ய மறுத்தார். “ஜாக்கி வைக்கிற எடம் சார் இது. டயர் மாத்தறப்ப உங்க மேல எறங்கிடும்.” இற்ற தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, ப்ரைமர் அடித்து, அடிப்பூச்சு கொடுத்து இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பதினான்காயிரம் அளவுக்கு ஆனது. நான் கொடுத்த பணத்தில் மனம் நிறைந்து கொடுத்தது அதுதான். இந்தக் கரையில் பழைய வண்டி வாங்குகிறவர் மெக்கானிக்கை அழைத்துப் போவதற்கு முன் நல்ல டிங்கரை அழைத்துப் போக வேண்டும்.

துரு வேறு வேஷத்திலும் வரும். ஹெட்லைட் மங்கும், செல்ஃப் எடுக்காமல் டிக் டிக்கென்று நிற்கும். பேட்டரியை மாற்றுவார்கள், அப்புறம் செல்ஃப் மோட்டாரையும் மாற்றுவார்கள். கடைசியில் பாடியோடு எர்த் வயர் சேரும் போல்ட் துருவேறிக் கிடக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவினால் போதும். ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகுவது, ஏ.சி. கண்டென்சரின் மெல்லிய தகடுகள் உதிர்வது, சைலன்சர் ஓட்டையாவது எல்லாம் தாங்கக்கூடிய செலவுகள். பிரேக் பைப்பில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. மேலே பொருக்கு கட்டியிருந்தாலே மாற்றிவிட வேண்டும்.

அடிக்கடி கழுவுங்கள் என்று வெளியூர் நண்பர்கள் சொல்வார்கள். எங்கள் தெருவில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் துருவுக்குத் தீனி போட்டதாகும். நல்ல தண்ணீர் குழாயில் வரும் நேரத்தில் குடங்கள் வரிசையில் நிற்கும்போது, அந்தத் தண்ணீரைக் காருக்கு ஊற்ற எனக்குக் கை வராது. திண்டிவனம் போகும் வேலை வந்தால் அங்கே வாட்டர் சர்வீஸ் விட்டு, அடிப்பாகத்தை நன்றாக அடிக்கச் சொல்வேன். சிலர் பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பூசுகிறார்கள். தகடு கொஞ்சம் பிழைக்கும், ஆனால் ரப்பர் புஷ் எல்லாம் ஊறிக் கெடும். வேண்டாம்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்து, மழை கொட்டித் தீர்த்தது. அளங்கள் ஏரிபோல நின்றன. அப்படி ஒரு வெள்ளத்துக்குப் பிறகு திடீரென்று மலிவாக வரும் வண்டிகளிடம் எச்சரிக்கை வேண்டும். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டை இழுத்துத் தள்ளும் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல் இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிவிட வேண்டியதுதான்.

இவ்வளவு செலவு செய்து இந்தப் பழைய வண்டியை எதற்கு வைத்திருக்கிறாய் என்று தம்பி கேட்கிறான். அம்மாவைப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ள முடிகிறது. வாக்கரும் பாயும் சாப்பாட்டுக் கூடையும் டிக்கியில் போய்விடுகின்றன. புது வண்டிக்கு மாதத் தவணை கட்டும் வசதி எங்களுக்கு இல்லை. வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் முன்பு 600 ரூபாயாக இருந்து, 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆனது. பசுமை வரி தனி. ஆய்வுக்கு முன்னால் பின் சக்கர வளைவு இரண்டையும் வெட்டி அடைக்கச் சொல்லியிருக்கிறேன். பிரேக் பைப் அதோடு சேர்த்து. ஏ.சி. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ஜன்னலை இறக்கிவிட்டால் அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்.