ஜூரோங் மாடியிலிருந்து ஒரு மலைப் பந்தயம்

சிங்கப்பூர் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? தேக்காச் சந்தை, சிராங்கூன் சாலை நகைக்கடைகள், வீரமாகாளியம்மன் கோயில், கடலோரத்துச் சிங்கச் சிலை. தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் இவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தீவின் மேற்கே ஜூரோங் என்று ஒரு பகுதி உண்டு. உறவுக்காரர் யாராவது அங்கே இருந்தால்தான் நாம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்போம். இந்த முறை வாசகர்களை அங்கேதான் அழைத்துப் போகிறேன். நீங்கள் சம்மதித்தால், அங்கிருந்தபடியே பிரான்சு நாட்டு மலை ஒன்றுக்கும் போய் வரலாம்.

ஜொகூர் பாருவில் 160 ஆம் எண் பஸ்ஸில் ஏறினால், குடிநுழைவுச் சோதனைகளை முடித்துக்கொண்டு ஜூரோங் ஈஸ்ட் போய்ச் சேரலாம். இன்று அங்கே வானுயர்ந்த அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. ஆனால் 1960 வாக்கில் அந்த மண்ணில் இருந்தவை சதுப்பு நிலமும் இறால் குளங்களும் ரப்பர்த் தோட்டங்களும்தான். ஆம், நம் மண்ணைப் போலவே பால்மரம் நின்ற மண் அது. 1961 இல் அன்றைய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ, குன்றுகளை வெட்டிச் சதுப்பை நிரப்பி அங்கே தொழிற்பேட்டை அமைக்க முனைந்தார். தொடக்கத்தில் தொழிற்சாலைகள் வரத் தயங்கியதால் 'கோவின் மடமை' என்று கேலி செய்தவர்களும் உண்டு. பிறகு இரும்பாலை வந்தது, கப்பல் பட்டறை வந்தது. கடலுக்குள் ஏழு தீவுகளை ஒன்றாக இணைத்து எண்ணெய், ரசாயனத் தொழில்களுக்கென்றே ஜூரோங் தீவையும் உண்டாக்கிவிட்டார்கள்.

என் தங்கை குடும்பம் அங்கேதான் 11 ஆவது மாடியில் குடியிருக்கிறது. 2024 ஜூலையில் அவள் மகளின் சடங்குக்காக நான்கு நாள் விடுப்பில் போயிருந்தேன். அதிகாலையில் மாடியிலிருந்து குனிந்து பார்த்தால் கால்வாய் ஓரப் பாதையில் சைக்கிள்கள் வரிசையாகப் போகும். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த தொழிலாளிகள், கைப்பிடியில் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு விடுதியிலிருந்து வேலைக்குப் போகிறார்கள். எனக்கு நம் தோட்டத்துக் காலை நினைவுக்கு வந்தது. பால் வாளியை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறும் சைக்கிளைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்?

தங்கை மகனுக்கு வயது 15. அவனுக்கும் சைக்கிள்தான் உலகம். விடுமுறை நாளில் ஜூரோங் ஏரியைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவான். ஜூலை வந்துவிட்டால் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தைப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. 1903 இல் தொடங்கிய பந்தயம் இது. ஒரே நாளில் முடிவதல்ல. 2024 இல் 21 நாள் கட்டங்களாக, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் ஓட்டினார்கள். ஓர் அணிக்கு 8 பேர், மொத்தம் 22 அணிகள். ஒவ்வொரு நாள் எடுத்த நேரத்தையும் கூட்டிக்கொண்டே வருவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. பிரான்சில் மாலையில் கட்டம் முடியும்போது ஜூரோங்கில் நள்ளிரவு நெருங்கிவிடும். மச்சான் தொழிற்சாலையில் பிற்பகல் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் அதுதான்.

ஜூலை 14, ஞாயிறு இரவு. பிளாட்டோ டி பெய் என்ற மலை. கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர் ஒரே ஏற்றம். நூறு மீட்டர் போனால் எட்டு மீட்டர் உயரும் சரிவு. கேமரன் மலைக்குப் பஸ்ஸில் போனவர்கள் எண்ணிப் பாருங்கள்! டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகார்ட் முன்னால் ஏறுகிறார். ஸ்லோவீனியாவின் டாடே போகாச்சர் அவர் சக்கரத்தையே ஒட்டி வருகிறார். உச்சிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும்போது போகாச்சர் பிய்த்துக்கொண்டு பறந்தார். 1 நிமிடம் 8 விநாடி முன்னதாகப் போய்ச் சேர்ந்தார். பையன் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டான்.

அப்போதுதான் மச்சான் காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எல்லாம் ஊசி, மச்சான். ஊசி போடாம இப்படி ஏற முடியுமா?"

பையனின் முகம் சுருங்கிவிட்டது. "அண்ணே, நீங்களே சொல்லுங்க. இவங்க ரெண்டு பேருக்கும் தினமும் ராத்திரி இதே சண்டைதான்," என்றாள் தங்கை.

மச்சானின் பேச்சுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த மலையில் அதுவரை இருந்த சாதனை இத்தாலியின் மார்கோ பந்தானி 1998 இல் வைத்தது. போகாச்சர் அதை மூன்று நிமிடத்துக்கும் மேலாகக் குறைத்தார். 1998 எப்படிப்பட்ட ஆண்டு தெரியுமா? பெஸ்டினா என்ற அணியின் ஊழியர் ஒருவர் கார் நிறைய ஊக்கமருந்தோடு எல்லையில் பிடிபட்டு, பந்தயமே சந்தி சிரித்த ஆண்டு. அந்த ஆண்டு வென்ற பந்தானியின் மாதிரியிலும் ஈ.பி.ஓ. இருந்ததாக 2013 இல் பிரெஞ்சு செனட் சபையின் அறிக்கை சொன்னது. மருந்தால் ஏறியவரையே ஒருவர் மூன்று நிமிடம் முந்தினால், பார்ப்பவர் மனத்தில் கேள்வி எழாதா?

ஈ.பி.ஓ. என்பது நமக்கு அந்நியமான பொருளல்ல. நம் சிறுநீரகமே அதைச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டுவது அதன் வேலை. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறவினர் உங்கள் வீட்டில் இருந்தால், ரத்தசோகைக்காக இந்த ஊசியை அவர் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நோயாளிக்கு அது மருந்து. நல்ல உடம்புக்காரர் போட்டுக்கொண்டால் சிவப்பணு கூடும், தசைக்குப் பிராணவாயு கூடும், களைப்புத் தள்ளிப்போகும். கூடவே ரத்தம் தடித்து அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் வரும். மருந்து உயிரையும் வாங்கும். 1967 ஜூலை 13 இல் வெயில் கொளுத்திய வெந்தூ மலையில் சுருண்டு விழுந்து இறந்த ஆங்கில வீரர் டாம் சிம்சனின் உடலில் ஆம்பெட்டமின் என்ற ஊக்கமருந்து இருந்தது.

ஆனால் 'எல்லாரும் ஊசிதான்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டால் அதில் அடிபடுகிறவர் யார் என்று யோசிக்க வேண்டும். கிறிஸ்தோப் பாசோன் என்று ஒரு பிரெஞ்சு வீரர். அந்தப் பெஸ்டினா அணியிலேயே இருந்தும் மருந்தைத் தொட மறுத்தவர் என்று சக வீரர்களே சாட்சி சொன்னார்கள். 1999 பந்தயத்தில் ஓட்டிக்கொண்டே, மருந்து இன்னும் ஒழியவில்லை என்று பத்திரிகையில் எழுதினார். சக வீரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். மஞ்சள் சட்டைக்காரரான லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அவரருகே வந்து, வீட்டுக்குப் போய்விடு என்ற பொருள்படப் பேசினார். மனம் உடைந்து பாசோன் பாதியிலேயே விலகினார். ஆம்ஸ்ட்ராங்கோ 1999 முதல் 2005 வரை ஏழு முறை வென்று உலகப் புகழ் பெற்றார். 2012 இல்தான் அவருடைய பழைய அணித் தோழர்கள் 11 பேர் சாட்சியம் அளித்து, ஏழு பட்டங்களும் பறிபோயின. 2013 சனவரியில் அவரே ஒப்புக்கொண்டார். இந்தக் கதையில் பாசோனையும் ஆம்ஸ்ட்ராங்கையும் ஒரே தராசில் வைக்கலாமா?

நான் மச்சானிடம் நம் பால் ஸ்டோரைத்தான் நினைவுபடுத்தினேன். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். சிலர் பாலில் தண்ணீர் கலப்பார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதை. அதனால் தோட்டத்தில் எல்லாரும் திருடர் ஆகிவிட்டார்களா? கிராணி ஒவ்வொருவர் வாளியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை விட்டு, உலர்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்று பார்ப்பார். கலந்தவனுக்கு அது பயம். கலக்காதவனுக்கு அதுதான் பாதுகாப்பு. அந்தக் கருவி இல்லாவிட்டால், நேர்மையாகப் பால் எடுத்தவனும் 'எவனை நம்புவது' என்ற ஒரே சொல்லில் அடிபட்டுப் போவான்.

சைக்கிள் பந்தயத்திலும் இப்படித்தான். அன்றன்று வென்றவரும் மஞ்சள் சட்டைக்காரரும் சோதனைக்குப் போயாக வேண்டும். மாதிரியை இரண்டு புட்டிகளில் பிரித்து முத்திரை வைப்பார்கள். ஒன்றில் குற்றம் தெரிந்தால் மற்றதையும் சோதிக்கும்படி வீரர் கேட்கலாம். 2008 முதல் ஒவ்வொரு வீரரின் ரத்தக் கணக்கையும் ஆண்டுக்கணக்கில் குறித்து வருகிறார்கள். மாதிரிகளைப் பத்தாண்டுவரை வைத்திருந்து புதிய முறையில் திரும்பவும் சோதிக்கலாம். கருவியை ஏமாற்றுகிறவர்கள் இல்லையா என்றால், உண்டு. ஆம்ஸ்ட்ராங் ஏமாற்றினார். ஆகவே கருவியும் மாறிக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. 2024 பந்தயத்தின்போதே, சில அணிகள் ரத்த அளவைக் கணக்கிட வீரர்களைக் கார்பன் மோனாக்சைடு வாயுவைச் சிறிதளவு சுவாசிக்க வைப்பதாகச் செய்தி வந்தது. அப்போது அதற்குத் தடையில்லை. வீரர்கள் திரும்பத் திரும்பச் சுவாசித்தால் பலம் கூட்டும் வழியாகிவிடும் என்ற அச்சத்தால், 2025 பிப்ரவரியில் அனைத்துலகச் சைக்கிள் சங்கம் அப்படித் திரும்பத் திரும்பச் சுவாசிப்பதைத் தடை செய்தது.

போகாச்சர் எந்தச் சோதனையிலும் பிடிபட்டதில்லை. இலகுவான சைக்கிள், நல்ல டயர், ஓட்டத்தின் நடுவே மணிக்கு 100 கிராமுக்கும் மேல் மாவுச்சத்து, எதிரணி வைத்த கடும் வேகம் என்று அவருடைய நேரத்துக்கு வேறு காரணங்களும் சொல்கிறார்கள். கேள்வி கேட்கலாம். ஆனால் தீர்ப்புச் சொல்லச் சான்று வேண்டும்.

மறுநாள் காலை வேறொன்று நடந்தது. துவைக்க எடுத்த பையனின் பள்ளிப் பையில் ஒரு பொட்டலம் அகப்பட்டது. கைப்பேசி மூலம் வாங்கிய 'சக்தித் தூள்'. என்ன கலந்தது என்ற விவரம் அதில் இல்லை. நண்பர்கள் சாப்பிடுகிறார்கள், ஏற்றத்தில் மூச்சு வாங்காதாம் என்றான். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவனுக்கு நம் நாட்டுக் கதை இரண்டைச் சொன்னேன். 2014 இல் பூப்பந்து வீரர் லீ சோங் வெய்யின் மாதிரியில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. சத்துக் குளிகை வழியாகத் தெரியாமல் உள்ளே போனது என்று விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஆனாலும் எட்டு மாதத் தடையும், உலகப் போட்டி வெள்ளிப் பதக்க இழப்பும் அவருக்கு நேர்ந்தன. அதே ஆண்டு ஆசிய விளையாட்டில் வூஷூ தங்கம் வென்ற மலேசியப் பெண்ணின் பதக்கம் சிபுட்ராமின் என்ற பொருளால் பறிக்கப்பட்டது. உடல் மெலிய என்று விற்கும் பொருள்களில் அடிக்கடி கள்ளத்தனமாகக் கலக்கப்படுவது அது. 'எனக்குத் தெரியாது' என்ற பதிலால் வீரர் தப்ப முடியாது. வாய்க்குள் போவதற்கு அவரே பொறுப்பு.

பையன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பொட்டலத்தை அவன் கையாலேயே குப்பைத் தொட்டியில் போட்டான். "அப்பா என்னையும் ஊசின்னு சொல்லக்கூடாது, மாமா," என்றான். அதைக் கேட்ட மச்சான் ஒன்றும் சொல்லாமல், மகனின் சைக்கிளைத் திருப்பி வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார்.

வாசகர்களே, உங்கள் பிள்ளைகளும் கால்பந்தும் ஓட்டமும் சைக்கிளும் பழகுவார்கள். பலம் தரும் என்று சொல்லி எவர் எதைக் கொடுத்தாலும், விவரச் சீட்டு இருக்கிறதா, மருந்தகத்தில் காட்டினோமா என்று கேளுங்கள். 1996 முதல் நம் நாட்டிலும் லங்காவி சைக்கிள் பந்தயம் நடந்து வருகிறது. பல ஆண்டுகளில் கெந்திங் மலை ஏறிய பந்தயம் அது. 2006 இல் அதை வென்ற தென்னாப்பிரிக்கரான டேவிட் ஜார்ஜ் 2012 இல் ஈ.பி.ஓ. சோதனையில் சிக்கினார். லங்காவியில் அவர் மருந்து எடுத்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. இருந்தும் பழைய வெற்றியையும் இன்று நாம் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறோம். பின்னால் செய்த தவறு முன்னால் வாங்கிய கைத்தட்டலையும் தின்றுவிடுகிறது.

அந்தப் பந்தயம் உங்கள் தோட்டத்துச் சாலை வழியாக வந்தால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் நில்லுங்கள். முதலில் வருகிறவருக்கு மட்டுமல்ல, கடைசியில் மூச்சிரைக்க வருகிறவருக்கும் கை தட்டுங்கள். வாளியில் தண்ணீர் கலக்காமல் வந்தவர் அவராகவும் இருக்கலாம்.