நான்கு காப்ளின்கள்

இண்டியானாபோலிஸ் மாநாட்டு மையத்தில் கோடைதோறும் நடக்கும் ஜென் கான் விளையாட்டு விழாவுக்கு நான் போனது விளையாட அல்ல. ஒரு சண்டையை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போனேன். 1968இல் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில், கேரி கைகாக்ஸ் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தொடங்கிய கூட்டம் இது. 2003 முதல் இண்டியானாபோலிஸில் நடக்கிறது. கடைகளைத் தாண்டி உள்ளே போனால் வரிசை வரிசையாக மேசைகள். எல்லாவற்றிலும் யாரோ பகடை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிறார்கள்: போர்வீரன், மந்திரவாதி, திருடன், மதகுரு. கதையை நடத்துபவர் டிஎம். காடும் ஊரும் அரக்கர்களும் அவர் பொறுப்பு. அடி விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். டிஎம் நினைத்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒரு டிராகனை இறக்கி எல்லோரையும் சாம்பலாக்கலாம். எந்த விதியும் அவரைத் தடுக்காது. அப்படிச் செய்யாமல், தோற்றுவிடுவோமோ என்று உண்மையாகவே பயப்படும் அளவுக்கு ஆபத்தை அளந்து வைப்பதில்தான் இந்தக் கைவேலை இருக்கிறது.

நான் பார்த்த டிஎம் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பக்கத்து மாநிலத்தில் பள்ளிக் கணக்காசிரியை. வீட்டில் ஆடும் குழுவின் பலமும் பலவீனமும் டிஎம்முக்கு அத்துப்படி. விழாவில் அப்படியில்லை, சீட்டு வாங்கி யார் வருகிறார்களோ அவர்கள்தான் குழு. நான்கு மணி நேரத்தில் கதை முடிந்தாக வேண்டும்.

அன்றைய முதல் சண்டையில், காட்டுப் பாதையில் தானிய வண்டியை காப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்கள் நான்கு மறிக்கின்றன. எதிரே, ஆட்டத்தைத் தொடங்கும் முதல் நிலையிலுள்ள பாத்திரங்கள் நால்வர். 2014 டிஎம் கையேட்டின் கணக்கில் ஒரு காப்ளினுக்கு 50 புள்ளி, நான்குக்கு 200. எதிரிகள் மூன்று முதல் ஆறு வரை என்றால் அதை இரண்டால் பெருக்க வேண்டும்: 400. முதல் நிலைக் குழுவில் நால்வர் இருந்தால், உயிரே போகக்கூடிய சண்டை என்று அந்தக் கையேடு சொல்லும் எல்லையும் சரியாக 400தான். 2024இல் வந்த புதிய கையேட்டில் அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். அதன்படி 200 புள்ளி என்பது லேசான சண்டை. காப்ளின்கள் அதே நான்குதான்.

எது சரி என்று கேட்டேன். “ரெண்டுமே சரிதான். காப்ளின் யாரை அடிக்குதுன்னு பாருங்க” என்று பென்சிலை எடுத்தார். சங்கிலிக் கவசமும் கேடயமும் உள்ள போர்வீரனின் கவச எண் 18. காப்ளின் பகடை எண்ணோடு 4 கூட்டிக்கொள்ளும் என்பதால், 14 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் அவன்மேல் அடி படும். நூற்றுக்கு 35 வாய்ப்பு. கவசமில்லாத மந்திரவாதிக்கு 12. அங்கே 8 விழுந்தாலே போதும், நூற்றுக்கு 65. அந்த மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி 8, ஓர் அடியின் சராசரி ஐந்தரை. நான்கும் போர்வீரனைச் சூழ்ந்தால் பெரிய ஆபத்தில்லை. நான்கும் மந்திரவாதியைக் குறிவைத்தால், அவள் தன் முறை வருமுன்பே விழக்கூடும். எதிரி ஒன்று கூடினால் ஒரு வீச்சும் கூடுகிறது என்பதால்தான் பழைய கையேடு பெருக்கியது. யார் எங்கே நிற்கிறார்கள் என்பது இரண்டு கையேட்டுக்கும் தெரியாது.

பல டிஎம்கள் அட்டைத் திரைக்குப் பின்னால் பகடை உருட்டுவார்கள். கணக்குத் தப்பினால் விழுந்த எண்ணை மறைத்து வேறொன்றைச் சொல்ல அது வசதி. இவர் திரையே வைப்பதில்லை. எல்லாப் பகடையும் மேசை நடுவில். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். பொய்யான எண்ணால் பிழைத்தோம் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் எந்த வெற்றியையும் ஆடுகிறவர் நம்ப மாட்டார்.

பகடையைத் தொடாமல் சண்டையை எப்படித் திருத்துவது? அவருடைய நோட்டில் ஒவ்வொரு சண்டைக்கும் மூன்று கேள்விகள் எழுதியிருந்தன: எதற்காக வந்தார்கள், எப்போது ஓடுவார்கள், தரையில் என்ன இருக்கிறது. காப்ளின்கள் வந்தது தானிய மூட்டைக்காக. அன்று மேசையில் ஒரு பெண்ணும் அவளுடைய அப்பாவும் கல்லூரி மாணவர் இருவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு அம்புகள் பட்டு, மகளின் மந்திரவாதி முதல் சுற்றிலேயே விழுந்தாள். மேசை அமைதியானது. கொல்வதுதான் நோக்கம் என்றால் அடுத்த அடியும் அவள்மேல்தான் விழ வேண்டும். ஆனால் இரண்டு காப்ளின்கள் மூட்டையை இழுப்பதில் மும்முரமாக இருந்தன. அந்த இடைவெளியில் மதகுரு ஓடிவந்து அவளை எழுப்பினார். இரண்டாவது காப்ளின் செத்ததும் மற்ற இரண்டும் மூட்டையைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் மறைந்தன. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததாகத் தோன்றவில்லை, ஏனென்றால் விட்டுக்கொடுக்கவில்லை.

தோற்கும் பக்கம் ஓடும் என்பது இந்த விளையாட்டில் ஒரு காலத்தில் எழுதிவைத்த விதி. 1981இன் அடிப்படைத் தொகுப்பில் ஒவ்வோர் அரக்கனுக்கும் ஒரு மனஉறுதி எண் உண்டு. இரண்டு பகடை உருட்டி, அதைத் தாண்டினால் அது சண்டையை விட்டுவிடும். கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பில், பாதாளத்தில் ஆழம் கூடக்கூட ஆபத்தும் கூடும். எவ்வளவு ஆழம் போவது என்பது ஆடுகிறவர்களின் முடிவு. சமநிலை அவர்கள் கையிலும் இருந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு ஒவ்வோர் அரக்கனுக்கும் சவால் எண் கொடுத்தது: அதே நிலையிலுள்ள நால்வர் குழு, தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழித்து வெல்லக்கூடிய எதிரி. அளக்க ஒரு கோல் கிடைத்தது நல்லதுதான். ஆனால் ஓடுவதும் பேசுவதும் ஒதுங்கிப்போவதும் மெல்ல மெல்ல ஆட்டத்தின் ஓரத்துக்குப் போயின. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

விழா மேசைக்கு இன்னொரு தொல்லை உண்டு. 2014 கையேடு ஒரு நாளில் ஆறு முதல் எட்டுச் சண்டைகள் வரை தாங்கும் குழுவை மனதில் வைத்தது. நான்கு மணி நேரத்தில் இரண்டோ மூன்றோதான் முடியும். எட்டுக்குச் சேமிக்க வேண்டிய மந்திரத்தையெல்லாம் இரண்டிலேயே கொட்டினால் கடைசி எதிரி கரைந்துவிடும்.

அந்த ஆட்டத்தின் கடைசி எதிரி ஓகர் என்ற பெரிய அரக்கன். சுற்றுக்கு ஒரே வீச்சுதான், ஆனால் பட்டால் சராசரி 13 புள்ளி. முதல் நிலையில் பெரும்பாலும் யாரும் தாங்க மாட்டார்கள். பகடை வாய்த்தால் அது ஒருவரையும் தொடாமலே சாகும், வாய்க்காவிட்டால் சுற்றுக்கு ஒருவர் விழுவார். இந்தத் தனி எதிரிச் சிக்கலுக்காகவே பெரிய டிராகன்களுக்கு மற்றவர்களின் முறை முடிந்ததும் இடையிடையே செயல்பட விதி இருக்கிறது. ஓகருக்கு அது கிடையாது. ஆசிரியை ஓகரை ஓர் ஓடைக்கு அக்கரையில், எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தினார். ஓடையைக் கடக்க அதற்கு ஒரு முறை முழுவதும் போய்விடும். சண்டை போடுவதா, சுற்றிப்போவதா, வில்லெடுப்பதா என்று நால்வரும் வெகுநேரம் வாதாடினார்கள்.

பாத்ஃபைண்டர் என்ற இதே வகையான இன்னொரு விளையாட்டின் மேசையிலும் கொஞ்ச நேரம் நின்றேன். 2019இன் இரண்டாம் பதிப்பில் நால்வர் குழுவுக்கு நடுத்தரச் சண்டை 80 புள்ளி, கடுமையானது 120, உச்சம் 160. இந்தக் கணக்கு காலை வாருவது அபூர்வம் என்றார் அங்கே கதையை நடத்தியவர். பாத்திரத்தின் நிலை அதன் பெரும்பாலான எண்களில் ஏறுவதால், ஒரு படி வித்தியாசம்கூடத் துல்லியமாகத் தெரிகிறது.

மதியம் ஆசிரியையின் மேசைக்கு ஆறு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் பன்னிரண்டு வயதிருக்கும் சிறுவன். குழு பெரிதானால் எதிரிகளைக் கூட்டச் சொல்லும் குறிப்பு கதைத்தாளின் ஓரத்தில் அச்சாகியிருந்தது. அவர் ஒரே ஒரு காப்ளினைச் சேர்த்தார், அதையும் மரத்தின்மேல் ஊதுகொம்புடன் உட்கார வைத்தார். கொம்பை ஊதினால் இன்னும் எத்தனை வருமோ என்ற பயத்தில் பெரியவர்கள் வில்லை எடுத்தார்கள். சிறுவன் மட்டும் கையைத் தூக்கி, பாதி மூட்டைகளைத் தருகிறேன், வழியை விடு என்றான். டிஎம் கதைத்தாளைப் புரட்டினார்; அதில் பேரத்துக்கு இடமில்லை. எல்லோரும் பார்க்கப் பகடை உருட்டினார். காப்ளின் இறங்கிவந்து மூட்டைகளை எண்ண ஆரம்பித்தது.

மாலை ஆட்டத்துக்கு முன்பு அவர் நோட்டில் நான்காவது கேள்வியை எழுதினார்: எதைக் கொடுத்தால் போவார்கள்?