தண்ணி ஊத்திக் கொன்னுட்டேன்!

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ ஹாஸ்டல் பார்ட்டி மேட்டர்னு ஆர்வமா வந்தவங்களுக்கு... ஸாரி பாஸ்! இது செடி மேட்டர். பன்னிரண்டு வயசுப் பூச்செடி ஒண்ணைத் தினமும் தண்ணி ஊத்தியே நான் சாகடிச்ச கதை. அதுவும் அடுத்தவங்க வீட்டுச் செடி. அதுவும் கடல் தாண்டிப் போய்!

போன வருஷம் ஜூன் மாதம், செகண்ட் இயர் பரீட்சை முடிஞ்ச கையோடு ரெண்டு மாச இன்டர்ன்ஷிப்புக்காகத் தெற்கு பிரான்ஸில் இருக்கும் மான்பெலியே நகரத்துக்குப் போனேன். நான் ட்ரிபிள் ஈ. அங்கே ஒரு லேபில் மண் ஈரத்தை அளக்கும் சென்சாரோடு மல்லுக்கட்டுவதுதான் வேலை. தங்கியது ஒரு ரிட்டயர்ட் டீச்சரம்மா வீட்டு மாடியில். 'மேடம்'னுதான் கூப்பிடுவேன். கணவர் இறந்து நாலு வருஷம் ஆச்சு. மகள் பாரீஸில். துணைக்கு ஒரு பூனை, ஒரு தோட்டம்.

தோட்டம்னதும் பச்சைப் பசேல்னு புல்வெளி, நடுவுல ஃபவுன்டன்னு கற்பனை பண்ணாதீங்க. முதல் நாள் பார்த்தப்போ, 'பாவம், வயசான காலத்துல கவனிக்க முடியலை போல'னுதான் நினைச்சேன். தரை முழுக்கச் சரளைக் கல். நடுநடுவே சாம்பல் நிறத்துல பந்து பந்தா செடிகள். பாதி இலை சுருண்டு கிடக்குது. மூலையில் மட்டும் ஆளுயரத்துக்கு ஒரு சியானோத்தஸ் கருகருனு நின்னுச்சு. வசந்தத்துல செடியே தெரியாத அளவுக்கு நீலமாப் பூக்குமாம். கணவர் ரிட்டயர் ஆன வருஷம் அவர் கையால நட்டதுனு மேடம் சொன்னாங்க.

ஜூலையில் மேடம் மூணு வாரம் மகள் வீட்டுக்குக் கிளம்பினாங்க. பூனைக்கு எவ்வளவு சாப்பாடுனு பேப்பரில் எழுதித் தந்தாங்க. "தோட்டத்துக்கு?"னு கேட்டேன். "ஒண்ணும் செய்ய வேண்டாம்"னாங்க.

இங்கேதான் நம்ம ஊர் மூளை வேலை செஞ்சுது. நம்ம வீட்டுக்கு வர்ற விருந்தாளி "ஒண்ணும் வேண்டாம்மா"னா என்ன அர்த்தம்? ஒரு டம்ளர் காபியும் தட்டுல முறுக்கும் வைனு அர்த்தம்தானே! நான் வேற வடலூர் பக்கத்துக்காரி. வள்ளலார் ஊர்ல பிறந்துட்டு வாடிக் கிடக்குற செடியைப் பார்த்துச் சும்மா இருக்க முடியுமா? வந்ததும் மேடத்தை அசத்திடலாம்னு ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு சோலனாய்டு வால்வு, ஒரு சென்சாரை வெச்சு ஆட்டோமேட்டிக் பாசனம் போட்டுட்டேன். ஈரம் முப்பது சதவிகிதத்துக்குக் கீழே போனா வால்வு திறக்கும். கோடிங்கில் ஒரு எரர்கூட இல்லை!

பத்தாவது நாள் சியானோத்தஸ் இலை தொங்க ஆரம்பிச்சுது. 'அச்சச்சோ, தண்ணி பத்தலை'னு முப்பதை நாற்பது ஆக்கினேன். இன்னும் தொங்குச்சு. ஐம்பது ஆக்கினேன். மேடம் திரும்பி வந்தப்போ ஒரு பக்கம் முழுக்கப் பழுப்பு.

மேடம் பெட்டியைக்கூட உள்ளே வைக்கலை. நேரா போய் கட்டைவிரல் நகத்தால தண்டைச் சுரண்டிப் பார்த்தாங்க. பச்சை தெரியலை. கீழே கிடந்த என் டியூபைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. ஒரு வார்த்தை பேசலை. அன்னிக்கு ராத்திரி சாப்பிட அவங்க கீழே வரவும் இல்லை. திட்டியிருந்தா நல்லா தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் என் கையில் ஒரு கடப்பாரையைக் கொடுத்தாங்க. "நீயே தோண்டி எடு."

ரெண்டு நாள் தோண்டினேன். முதல் பத்து சென்டிமீட்டர் காய்ஞ்ச கல்லும் மண்ணும். என் சென்சார் அங்கேதான் இருந்துச்சு. அதுக்குக் கீழே களிமண், சொதசொதனு! மேலே காயுதுனு சென்சார் கத்த, வால்வு திறக்க, கீழே வேர் மூழ்கிக்கிட்டே இருந்திருக்கு. வேரை இழுத்தா கறுப்பா, தோல் உரிஞ்சு, ஒரு வாடை.

மேடம் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாடம் எடுத்தாங்க. சூடான மண்ணும் ஈரமும் சேர்ந்தா ஃபைட்டோஃப்தோரானு பூஞ்சை மாதிரியான ஒரு கிருமிக்குக் கொண்டாட்டம். 1840-களில் அயர்லாந்து உருளைக்கிழங்கை அழிச்சுப் பஞ்சத்தைக் கொண்டு வந்ததே, அதே குடும்பம்தான். அது வேரைத் தின்னுடும். வேர் இல்லாத செடி தண்ணியைக் குடிக்க முடியாம வாடும். பார்க்குறதுக்கு அப்படியே தாகத்துல வாடுற மாதிரியே இருக்கும். நாம இன்னும் ஊத்துவோம். ஃபீட்பேக் லூப்பில் ப்ளஸ்ஸும் மைனஸும் மாறிப்போச்சு, புரியுதா ட்ரிபிள் ஈ மக்களே?

நம்ம ஊர் ஆளுங்களுக்கு முதல்ல புரியாத விஷயம் மழைதான். மான்பெலியேவில் வருஷத்துக்கு 600 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே பெய்யுது. அதுல பெரும்பகுதி செப்டம்பர்ல தொடங்கி குளிர்காலத்துக்குள்ளே கொட்டிடும். ஜூலையில் சராசரியா 20 மி.மீ.கூடத் தேறாது. வெயில் காலம்தான் வறட்சிக் காலம். கலிஃபோர்னியா, சிலியின் நடுப்பகுதி, தென்னாப்பிரிக்காவின் கேப் பக்கம், ஆஸ்திரேலியாவின் தெற்கு, தென்மேற்கு ஓரம்... உலகத்துல இந்த மாதிரி வானிலை இருக்குற மத்த இடங்கள் இவைதான். சியானோத்தஸே கலிஃபோர்னியாக்காரிதான். இந்தச் செடிகளுக்குக் கோடை என்பது தூங்குற நேரம். தூங்குறவன் வாயில தண்ணியை ஊத்தினா என்ன ஆகும்?

அன்னிக்குச் சாயங்காலம் ஊருக்கு வெளியே 'கரீக்'னு சொல்லப்படும் சுண்ணாம்புக்கல் புதர்க்காட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தைம், ரோஸ்மேரி, சிஸ்டஸ் எல்லாம் தன்னால வளர்ந்து கிடக்குது. எல்லாம் செத்த மாதிரி இருந்துச்சு. சிஸ்டஸ் பாதி இலையைக் கொட்டிட்டு, மிச்சத்தைச் சுருட்டி வெச்சிருந்துச்சு. "அக்டோபர் மழையில வந்து பார். எங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு வசந்தம்"னாங்க மேடம். அப்பதான் மறுபடி சிரிச்சாங்க.

வீட்டுக்கு வந்து தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தா, அது கவனிக்காம விட்டது இல்லை, கணக்குப் போட்டு வெச்சதுனு தெரிஞ்சுது. பூ வசந்தத்தோட முடிஞ்சுடும்கிறதால, கோடையில் கண்ணுக்கு அழகு வேணும்னா உருவமும் இலை நிறமும்தான். அதுக்குத்தான் வெட்டி உருட்டின சான்டோலினா பந்துகள், பின்னாடி சைப்ரஸ், வெள்ளி நிற ஆலிவ். அந்தச் சாம்பல் நிறமே இலை மேல இருக்குற பொடி ரோமம்தான். வெயிலைத் திருப்பி அனுப்பும், ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். சரளைக் கல் ஏழெட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு. களையும் வராது, மண் ஈரமும் ஆவியாகாது, தண்டோட கழுத்தும் காய்ஞ்சே இருக்கும். உரம் கிடையவே கிடையாது. கொழுத்த செடி வெயிலைத் தாங்காதாம்.

அப்போ தண்ணியே கிடையாதா? உண்டு. நடுற முதல் கோடைக்கு மட்டும். செடியைச் சுத்தி அறுபது சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்டப் பாத்தி கட்டி, ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஒரே மூச்சுல இருபது முப்பது லிட்டர். இடையில சொட்டுகூடக் கிடையாது. ஆழத்துல ஈரம் இருந்தா வேர் கீழே தேடிப் போகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினா மேலேயே சோம்பேறியாப் படுத்துக்கும். அதனால நடுறதும் மழை தொடங்குற இலையுதிர் காலத்துலதான். (எங்க வீட்டு ரோஜாவுக்குத் தினம் ஒரு சொம்பு ஊத்துற அப்பத்தாகிட்ட இதைச் சொல்லலை. அங்கே செல்லாது. அது வேற செடி, வேற மழை, முக்கியமா வேற அப்பத்தா!)

மேடத்தோட பைபிள், ஒலிவியே ஃபிலிப்பி எழுதி 2007-ல் வந்த ஒரு புத்தகம். 'நீர் பாய்ச்சாத தோட்டத்துக்காக'னு தலைப்புக்கு அர்த்தம். பக்கத்துல மேஸ் என்ற ஊரில், தோ உப்பங்கழி ஓரத்துல இந்த மாதிரிச் செடிகளைச் சேகரிச்சு வளர்த்தவர். எந்தச் செடி எத்தனை மாசம் வறட்சி தாங்கும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் கொடுத்திருக்கார். டேட்டா ஷீட் மாதிரி! அதைப் புரட்டினப்போ எனக்கு ஒரு ஆச்சரியம். புல்வெளிக்குப் பதிலாப் போடச் சொல்ற ஒரு செடி, நம்ம பொடுதலையோட ஒன்றுவிட்ட தங்கச்சி! பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவாங்களே, அதே பொடுதலைதான். மேடத்துக்கிட்ட சொன்னதும் தலையைத் தடவிப் பார்த்துக்கிட்டாங்க.

இதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்குனு நினைக்காதீங்க. 2023 மே மாதம் அதே தெற்கு பிரான்ஸில், ஸ்பெயின் எல்லையில் இருக்குற பிரெனே ஓரியான்தால் மாவட்டத்துல வறட்சி முத்தி, தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தத் தடை, கார் கழுவத் தடைனு அரசாங்கமே போட்டுச்சு. புல்வெளி வெச்சிருந்தவங்க அது காய்றதை ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

கிளம்புறதுக்கு முன்னாடி என் ஆர்டுயினோவைக் கழற்றி பேக்ல போட்டேன். மேடம் வெளியே எடுத்தாங்க. சமையலறைக் கதவோரம் தக்காளிப் பாத்தியும், எலுமிச்சைத் தொட்டியும் இருக்கு. தோட்டத்துலயே தண்ணி கேட்குற ஜீவன்கள் அவ்வளவுதான். குடம் தூக்குற தூரத்துல இருக்கட்டும்னு வீட்டை ஒட்டியே வெச்சிருக்காங்க. "இங்கே மாட்டு"னாங்க. சென்சாரை இருபது சென்டிமீட்டர் ஆழத்துல புதைச்சேன்.

சியானோத்தஸ் இருந்த குழியில மறுபடி எதுவும் நடக் கூடாதாம், கிருமி மண்ணுலயே இருக்கும். ரெண்டு மீட்டர் தள்ளி, கல்லும் மண்ணும் கலந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு போட்டுக் கொடுத்துட்டு வந்தேன். ஸாரி எத்தனை தடவை சொன்னேன்னு கணக்கு இல்லை. "அதுக்கு ஆயுசே பதினஞ்சு, இருபது வருஷம்தான்"னு மட்டும் சொன்னாங்க. அது ஆறுதலா, கணக்கானு இன்னிக்கு வரை எனக்குத் தெரியலை.

நவம்பர்ல ஒரு மெயில் வந்துச்சு. போட்டோவில் செடியைத் தேடிக் கண்டுபிடிக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஒரு சாண் உயரம் இருந்தா அதிகம். சுத்தி வட்டப் பாத்தி, அதுல தளும்பத் தளும்ப மழைத் தண்ணி. கீழே ஒரே வரி:

"வால்வு மூடியிருக்கு."