கால் இல்லாத படங்கள்

சுன்னாகம் சந்தையில் வாழைக்குலைக்கு விலை பேசுகிற சத்தம் மாடிவரை கேட்கிறது. காங்கேசன்துறை வீதிப் பக்கமாக ஒரு குறுகிய படிக்கட்டு, ஏறினால் ஸ்ரூடியோ. சர்ரியலிசப் படம் எடுக்கிற ஒருவர் இலங்கையின் வடக்கில் இருக்கமாட்டாரா என்று தேடிப் போன என்னை, கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு மூன்றுக்கும் கமரா தூக்குகிற, அறுபது தாண்டிய ஒரு அண்ணை வரவேற்றார்.

சுவரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். கதிரையில் ஓர் இளைஞர் இருக்கிறார். பக்கத்தில் நின்று அவருக்கே தேத்தண்ணி நீட்டுகிறவரும் அவர்தான். “அது நான்தான் தம்பி. லென்சின்ரை பாதியைக் கறுப்பு மட்டையாலை மறைச்சு ஒருக்கா. றீலைச் சுத்தாமல் மற்றப் பாதியை மறைச்சு இன்னொருக்கா. நடுவிலை கோடு விழாமல் எடுக்கிறதுதான் வித்தை.” அவரிடம் தொழில் பழக வருகிறவர்களுக்கு இதுதான் முதல் பரீட்சையாம்.

என் கைபேசியில் இருந்த, இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் படமொன்றைக் காட்டினேன். உடலின் விளிம்பெல்லாம் கோடு கிளம்பி, வெளிச்சமும் நிழலும் பாதி இடம் மாறிக் கிடக்கிற படம். அண்ணை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “கழுவேக்கை வெளிச்சம் பட்டிருக்கு. எங்கடை பெடியன் ஒருத்தன் இருட்டறைக் கதவைத் துறந்து போட்டு ஏச்சு வாங்கினவன். இதுக்கு இப்பிடியொரு மரியாதையே!” பாரிஸில் சர்ரியலிசப் புகைப்படக் கலைஞர் மான் ரேயின் இருட்டறையில், காலில் எலி ஓடியதென்று பயந்து தான் விளக்கைப் போட, இதே விளைவு கிடைத்ததாக அவரோடு வேலை செய்த லீ மில்லர் பின்னாளில் சொன்ன கதையைச் சொன்னேன். எலியை மிகவும் ரசித்தார்.

வென்ட் கொழும்பில் 1900இல் பிறந்தவர். லண்டனில் சட்டமும் பியானோவும் படித்துத் திரும்பியவர். 1934இல் பசில் ரைட் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தில் பேசுகிற குரல் அவருடையதுதான். 1943இல் ஓவியர்களின் ‘43 குழு’ உருவாக முன்னின்றார். அடுத்த வருடமே இறந்துபோனார். அதன்பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. மிஞ்சியவை அவர் காலத்துப் பிரதிகளே. இதைச் சொன்னபோது அண்ணையின் முகம் மாறியது. “எங்கடை பெட்டியளும் அப்பிடித்தான். தொண்ணூற்றைஞ்சு ஒக்டோபர் முப்பது. கமராவைத் தூக்கினன், நெகட்டிவை விட்டிட்டன்.” போருக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சிக்கு நடந்த நாள் அது. திரும்பி வந்தபோது அலுமாரிகூட இருக்கவில்லையாம்.

உள்ளறையில் இரண்டு பெடியள் கணினிக்கு முன்னால் இருந்தார்கள். ஒரு திரையில் சாமத்தியவீட்டு வீடியோ: தாமரை விரிய அதற்குள்ளிருந்து பிள்ளை எழும்புகிறாள், மேலே மயில் பறக்கிறது, பின்னால் சுவிற்சர்லாந்து மலை. எனக்கு இது அறவே பிடிப்பதில்லை. கனவென்று எல்லார் வீட்டுக்கும் ஒரே கனவை விற்கிறார்கள். அண்ணையும் மறுக்கவில்லை, “வாடகையை மயில்தான் கட்டுது” என்றார்.

மற்றத் திரைதான் என்னை நிறுத்தியது. மணமக்கள், பெற்றோர், சித்தி, மாமா. பின்வரிசையில் வேட்டி சால்வையோடு ஒருவர் நிற்கிறார். தலை இருக்கவேண்டிய இடம் வெறும் சாம்பல் நிறம்.

“வெளிநாட்டிலை இருந்து விசா கிடைக்காமல் வரேலாமல் போனவை, செத்தவை, காணாமல் போனவை, எல்லாரையும் சேர்த்துத் தரச்சொல்லிக் கேப்பினம். கொண்டுவாறது அடையாள அட்டைக்கு எடுத்த படம். அதிலை கால் இல்லை தம்பி, நெஞ்சோடை சரி. அதாலை கலியாணவீட்டிலையே அந்தாளின்ரை அளவுக்கு ஒரு மச்சானைப் பிடிச்சு நிப்பாட்டிப்போடுவன். உடம்பு அவற்றை, தலை இவற்றை.”

1920களில் பாரிஸின் சர்ரியலிஸ்டுகள் கடதாசியை மடித்து, ஒருவர் தலையும் இன்னொருவர் உடலும் மற்றவர் காலுமாக வரைந்து விளையாடியிருக்கிறார்கள். அங்கே பொருந்தாமல் போவதுதான் வேடிக்கை. இங்கே பொருந்தாவிட்டால் காசு இல்லை. பந்தலில் வெயில் வலப்பக்கத்தால் அடித்தால் தலைக்கும் வலப்பக்கத்தால்தான் அடிக்கவேண்டும். அட்டைப் படத்திலோ வெளிச்சம் நேருக்கு நேரே. ஆகவே மூக்கின் நிழலைக் கையால் வரைகிறார்கள். கழுத்தில் தோலின் நிறத்தைச் சேர்க்கிறார்கள். ஒரு தலைக்கு ஒரு முழுநாள் போகுமாம்.

அந்தச் சாம்பல் நிறத் தலை ஏன் அப்படியே கிடக்கிறது என்று கேட்டேன்.

போர் முடிந்த 2009இல் காணாமல் போன பெடியன். இணைக்கச் சொல்லி வந்தது தாய். மாலை போடவேண்டாம், பொட்டும் வேண்டாம், மற்றவர்களைப் போல நிற்கட்டும் என்றிருக்கிறார். அதெல்லாம் லேசு. ஆனால் அட்டையில் அவனுக்குப் பத்தொன்பது. முன்னால் மணவறையில் இருக்கிற தங்கைக்கு முப்பத்திரண்டு. “அப்பிடியே வைச்சால் தம்பி மாதிரி இருப்பான். கொஞ்சம் வயசாக்கட்டோ அம்மா, மீசையைத் தடிப்பாக்கி, காதடியிலை நரையும் விடட்டோ எண்டு கேட்டன்.”

“என்ன சொன்னவ?”

“யோசிச்சுச் சொல்லுறன் எண்டிட்டுப் போனவ. தை மாசம்.”

நான் போயிருந்தது ஆவணியில். கீழே அல்பம் எடுக்க ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். அண்ணை படத்தைச் சேமித்து மூடிவிட்டுப் படியிறங்கினார்.