புள்ளி மறைந்த பிறகுதான் வேலை

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் பெரும்பகுதி நன்னீர் மீன் வியாபாரம்தான். கடல் மீன் விற்பவர்கள் குறைவு. அப்படிப்பட்ட கடை ஒன்றின் பின்னறையில், நோய்வாய்ப்பட்ட மீன்களைக் கவனிக்கும் ஊழியர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. மணலோ பவளப்பாறையோ இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டிகள். மீன்கள் ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் மட்டும் கிடந்தன.

“பாறை போட்டா மருந்தை அதுவே இழுத்துக்கும் சார்” என்றார்.

மருந்து, காப்பர் சல்பேட். நோயாளி, ஒரு நீல டாங் மீன். உடம்பெங்கும் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியின் வேலை இது. கடைகளில் ‘இக்’ என்பார்கள்.

ஒரு வாரத்துக்குள் புள்ளிகள் தாமாகவே மறையும். மீன் பிழைத்துவிட்டது என்று வீட்டுக்காரர் நிம்மதியடைவது அப்போதுதான். ஆனால் தின்று கொழுத்த ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, தொட்டியின் அடியில் கூடு கட்டிப் பிளந்து பெருகிக்கொண்டிருக்கும். ஒரே கூட்டிலிருந்து இருநூறுக்கு மேற்பட்ட குஞ்சுகள்கூட வெளிவரலாம். ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். மீனின் தோலுக்கடியில் புதைந்திருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் காப்பர் தொடாது. மீனைத் தேடி நீந்தும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும்.

அதனால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செம்பு, குறைந்தது 2, 3 வாரங்களுக்கு நீரில் நிலையாக இருக்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி தப்பிக்கும், கூடினால் மீனின் செவுள் கெடும். காலையும் மாலையும் அவர் சோதனைக் குழாயில் நீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிற அட்டையோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுகிறார். நான் பார்த்ததில் மிகுந்த பொறுமை கேட்கும் வேலை இதுதான். விற்பனைக்கு முன்னே நிற்கும் பளபளப்பான தொட்டிகளெல்லாம் இந்த நோட்டை நம்பித்தான் இருக்கின்றன.

தட்டைப்புழு ஒட்டியிருந்தால் வைத்தியம் வேறு. வெப்பமும் பிஹெச்சும் சரிபார்த்த நன்னீரில், காற்றுக்குழாய் ஓட, மீனைச் சுமார் 5 நிமிடம் விடுகிறார். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த புழுக்கள் வெளுத்து உதிர்கின்றன. முட்டைகள் மிஞ்சும் என்பதால் பிறகு பிராசிகுவாண்டெல் என்ற மருந்து கொடுக்கிறார். க்ளவுன் மீன்களைத் தாக்கும் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணிக்கோ ஃபார்மலின். அங்கே காப்பர் உதவாது. எந்தப் பூச்சி என்று தெரியாமல் மருந்து ஊற்றுவது மீனைக் கொல்லும் வழி.

பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் ‘இக்’ வந்தால், அங்கே காப்பர் ஊற்றக் கூடாது; ஊற்றினால் அவை செத்துவிடும். மீன்களை எல்லாம் வேறு தொட்டிக்கு மாற்றி, அந்தத் தொட்டியை மீனில்லாமல் வைத்திருக்க வேண்டும். கூடுகள் 72 நாள் வரை தாமதித்து வெடித்த பதிவு இருப்பதால், இரண்டரை மாதம் காத்திருப்பதே பாதுகாப்பு.

கடல் மீன் வளர்க்க நினைப்பவர்கள் முதல் மீனை வாங்கும் முன்பே ஒரு தனித்தொட்டியை வாங்கி வையுங்கள். புதிய மீன் எதுவானாலும் சில வாரங்கள் அதில் இருந்த பிறகே பெரிய தொட்டிக்குப் போகட்டும்.