நோயுடையார்க்குக் குதிரையேற்றம் தகுமோ?

நோயுடையவள் குதிரை ஏறலாமா என்பது சென்ற சில ஆண்டுகளாக என் உற்றார் என்னிடம் வினவி வரும் வினா. வினவுவோர் பலர் விடையை எதிர்பார்ப்பதில்லை. "இடுப்பு வலியென்று பள்ளிக்கு லீவு போடுகிறவளுக்குக் குதிரைமேல் ஏறி உட்கார மட்டும் வலிக்கவில்லையோ?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கத் தொடங்கிவிடுவர். வலிக்கிறது என்பதே என் விடை. வலிக்கிறது, எனினும் ஏறுகிறேன். இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கே இருத்தல் கூடும் என்பதை ஒப்புக்கொள்ள நம்மவர்க்கு இத்துணைத் தயக்கம் ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை.

என்னைப் பற்றியுள்ள நோய்க்கு டாக்டர்கள் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயரிட்டிருக்கின்றனர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி வலி தீர்ந்துவிடும் என்று என் தம்பி பரிகாசம் செய்வான். முதுகெலும்பின் அடிப்பாகமும் இடுப்பெலும்பும் கூடும் மூட்டுக்களில் அழற்சி உண்டாகி, சிலருக்கு நாளடைவில் எலும்போடு எலும்பு ஒட்டி முதுகே ஒரு கட்டையாக இறுகிவிடும். பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்குவது. இதன் விபரீதம் யாதெனின், ஏனைய வலிகள் பல ஓய்வினால் தணியும். இதுவோ ஓய்வினால் மிகும். விடியற்காலையில் படுக்கையைவிட்டு எழுவதே பெரும்பாடு. எழுந்து நடமாடினால் சிறிது சிறிதாக இளகும். ஆதலின் பிறர் காண நடமாடும் வேளையில் நான் நலமுடையவள்; ஒருவரும் காணாத நான்கு மணிக்கு நான் நோயாளி. இவளுக்கு என்ன நோய் என்று ஊரார் ஐயுறுவதில் வியப்பில்லை.

இது ஆடவர் நோய் என்ற எண்ணம் வைத்தியர்களிடையே நெடுங்காலம் நிலவியது. அதனால் பெண்டிர்க்கு நோயின் பெயர் தெரியவே காலம் பிடித்தது. எனக்கு இருபத்துநான்காம் வயதில் வலி தொடங்கியது. முப்பத்தைந்தாம் வயதிலேதான் பெயர் கிடைத்தது. இடைப்பட்ட பதினொரு ஆண்டுகளில் ஒரு டாக்டர் மனக்கவலை என்றார். மற்றொருவர் திருமணம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டார். பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றனர் பெரியோர். இரண்டு பெற்றேன், சரியாகவில்லை. கிள்ளானிலிருந்த என் அத்தையார் கண்ணேறு என்று முடிவு செய்து, தோட்டத்து முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டார். அக்கோயில் வாயிலில் வெள்ளை பூசிய குதிரை உருவம் ஒன்று நின்றது. அதை ஒரு மணி நேரம் ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்ததே அந்நேர்த்திக்கடனால் நான் அடைந்த பயன்.

என் வலியை முதன்முதலாக நம்பியவர் கண்பார்வை இல்லாத ஒருவர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பார்வையற்றோர் பலர் உடம்பு பிடித்துவிடும் தொழிலால் பிழைப்பதை நகரத்தார் அறிவர்; பார்வையற்றோர் சங்கம் 1951இல் அமைந்த நாள்தொட்டு அவ்வூர் அவர்க்கு ஓர் இருப்பிடமாகவே விளங்கிற்று. அவர்களுள் ஒருவர் என் முதுகில் கை வைத்த மாத்திரத்தில், "அக்கா, இது பலகை மாதிரி இருக்கிறதே! எப்படித் தூங்குகிறீர்கள்?" என்றார். பதினொரு ஆண்டுகளில் நான் எப்படித் தூங்குகிறேன் என்று கேட்டவர் அவர் ஒருவரே.

இனிக் குதிரைக்கு வருவோம். என் தந்தையார் அம்பாங் சாலையிலிருந்த பந்தயத்திடலில் சைஸ் வேலை பார்த்தவர். சிலாங்கூர்க் குதிரைப் பந்தயக் கழகம் 1896இல் தோன்றியது. அதன் அம்பாங் சாலைத் திடல் இருந்த இடத்தில்தான் இன்று இரட்டைக் கோபுரங்கள் வானளாவி நிற்கின்றன. பந்தயத்திடல் பின்னர் சுங்கை பீசிப் பக்கம் பெயர்ந்தது. குதிரைப் பந்தயத்தை நான் புகழ வரவில்லை. சம்பள நாளன்று பந்தயச் சீட்டில் அரிசிப் பணத்தைத் தொலைத்து வந்த குடும்பத் தலைவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அக்குற்றம் குதிரையினுடையது அன்று. ஐந்து மணிக்கே லாயத்துக்குப் போய்க் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்து, உடம்பைத் தேய்த்துக் குளிப்பாட்டி, வெயிலேறுமுன் வாரைப் பிடித்து நடத்திக்கொண்டு போவார் தந்தையார். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து முதலிய குளிர்நாட்டினின்று வந்த குதிரைகளுக்கு நம் நாட்டுப் புழுக்கம் ஒவ்வாது. சிலவற்றுக்கு வியர்வையே வற்றிப்போகும். வியர்க்காத குதிரை வெப்பத்தை வெளிவிட வகையின்றி மூச்சிரைத்து வாடும். அத்தகைய குதிரையை, தோலைத் தொட்டே தந்தையார் அறிந்துகொள்வார். இத்துணையும் அறிந்தவர் தம் வேலைக்காலம் முழுவதும் ஒரு முறையேனும் குதிரைமேல் ஏறியதில்லை. அவர் வேலை தரையில் இருந்தது, ஏறுவோர் வேறு.

ஏறுவோர் வேறு, நடப்போர் வேறு என்பது நமக்குப் பழகிப்போன செய்தி. கடல்வழி வந்த குதிரைகள் காவிரிப்பூம்பட்டினத்தில் இறங்கியதைப் பட்டினப்பாலை கூறும். பாண்டிய நாட்டு அரசர் அரபு நாட்டினின்று ஆண்டுதோறும் குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். வளர்க்கும் முறை தெரியாமையால் அவை விரைவில் மடிந்தன என்று மார்க்கோ போலோ எழுதி வைத்தார். திருவரங்கத்துத் தூண்களில் குதிரைகள் பாய்கின்றன. ஊரெல்லையில் ஐயனாருக்கு மண்குதிரைகள் நிற்கின்றன. ஆயினும் உழுது உண்ட நம் முன்னோரில் எத்தனை பேர் சேணத்தில் அமர்ந்திருப்பர்?

இந்நாட்டுத் தோட்டங்களிலோ, குதிரை வேண்டா, சைக்கிளுக்கே தடை இருந்தது. வெள்ளைக்காரத் துரையையோ, கிராணியையோ எதிரே கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் ஒன்றாக வைக்கப்பட்டது. அரசாங்கம் நாதனைப் பிடித்து நாடு கடத்தியது, துருப்புகள் வந்தன, உயிர்களும் போயின. அப்போது என் பாட்டனார் அவ்வட்டாரத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். இறங்கி இறங்கியே தம் முழங்கால் தேய்ந்தது என்று சொல்லிச் சிரிப்பார். அவர் பேர்த்தி இன்று குதிரைமேல் அமர்ந்து வருகையில், நான்கு சக்கர வண்டியில் வருவோர் நின்று வழிவிடுகின்றனர். எனக்கு இதில் ஒரு கர்வம் உண்டு; அதை மறைப்பானேன்!

நோயின் பெயர் தெரிந்தபின், உடற்பயிற்சி செய்யச் சொன்ன டாக்டரிடமே குதிரையேற்றம் பற்றிக் கேட்டேன். அவர் படங்களை எடுத்துப் பார்த்து, எலும்பு இன்னும் ஒட்டவில்லை, ஆதலின் நடை மட்டும் போகலாம் என்றார். ஒட்டிய முதுகு காய்ந்த மூங்கிலைப் போன்றது, விழுந்தால் முறியும். என் நோயுடையார் எல்லாரும் நாளையே ஏறிவிடலாம் என்று எவரும் எண்ணற்க. நான் தலைக்கவசம் அணிந்து, மரப்படி வைத்து ஏறி, மெதுநடையன்றிப் பிறிதொன்றும் போவதில்லை. துள்ளுநடையில் குதிரையின் முதுகு நம்மைத் தூக்கித் தூக்கிப் போடும். அஃது எனக்கு ஆகாது. நடையிலோ நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றப்படுகின்றன. அமர்ந்திருப்பவர் இடுப்பு முன்னும் பின்னும், இருபுறமும் அசைந்து, சிறிது சுழலவும் செய்கிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இவ்வாறே. நானாக நடந்தால் வலிக்கு அஞ்சி அடியைச் சுருக்கிவிடுவேன், குதிரை சுருக்குவதில்லை. கால்மணி நேரத்தில் அடி மூட்டில் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்வதுபோல் தோன்றும். இறங்கிய மறுநாள் தொடை வலிக்கும். அஃது உழைத்த வலி. அதை நான் வரவேற்கிறேன். மருந்தை நிறுத்தினேனா என்றால், இல்லை. ஊசியும் உண்டு, மாத்திரையும் உண்டு. குதிரை மருந்தன்று, மகிழ்ச்சி. கட்டணம் கட்டி ஏறுவதாகையால் மாதம் இருமுறைக்குமேல் அம்மகிழ்ச்சி வாய்ப்பதில்லை.

டென்மார்க்கு நாட்டு லிஸ் ஹார்ட்டெல் அம்மையாரை இங்கு நினைக்கிறேன். 1944இல், கருவுற்றிருந்த காலத்தில், இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழ் இயக்கம் திரும்பவில்லை. குதிரைமேல் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். அந்நிலையில் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், பெண்டிர்க்கு அப்பந்தயம் முதன்முதலாகத் திறக்கப்பட்ட அவ்வாண்டிலேயே, ஜூபிலி என்னும் பெண்குதிரைமேல் அமர்ந்து வெள்ளிப் பதக்கம் வென்றார், 1956இலும் வென்றார். நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரில் பிறந்த லாரன்ஷியா டான், மூளைவாதமும் செவிட்டுத்தன்மையும் உடையவர். 2008இல் மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் இரு வெண்கலம் பெற்றார். அந்நாட்டுக்கு அவ்விளையாட்டுக்களில் கிடைத்த முதற் பதக்கங்கள் அவை.

நான் ஏறுவது மைனா என்று நான் பெயரிட்ட ஒரு பெண்குதிரை. பந்தயத்தினின்று விலக்கப்பட்டது, வயது பத்தொன்பது, முன்கால் மூட்டில் வாதம். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என்பது லாயத்தார் கொள்ளும் கணக்கு. மைனாவுக்கு அதிலும் குறைவாகவே சுமத்துவர். குதிரை இரையாகும் பிராணியாதலின், காட்டில் வலியைக் காட்டிய குதிரை பிழைத்ததில்லை. மறைப்பதே அதன் இயல்பு. 2014இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் சிலர் குதிரையின் முகத்தைக்கொண்டு வலியை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை வகுத்தனர். விறைத்துப் பின்சாய்ந்த காது, இறுகிய இமை, கண்ணுக்கு மேலே புடைப்பு, இறுகிய தாடை, விறைத்த வாயும் மோவாயும், விரிந்து இறுகிய நாசி என ஆறு குறிகள். அதைப் படித்தபோது கண்ணாடி முன் சென்று என் முகத்தை நெடுநேரம் பார்த்தேன். பள்ளியில் ஆண்டுக்கணக்காக இமையை இறுக்கிக்கொண்டு புன்னகை செய்தவள் அல்லவா நான்!

சென்ற மாதம், எண்பத்தைந்து வயதான தந்தையாரையும் உடன் அழைத்துச் சென்றேன். சேணம் பூட்டி ஆயிற்று. நான் படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். அவர் மைனாவின் காதைப் பார்த்தார். பிறகு முன்காலைத் தடவினார். "இன்றைக்கு வேண்டாம் அம்மா, சூடாயிருக்கிறது" என்றார். லாயத்துப் பையனும் வந்து தொட்டுப் பார்த்து, ஆம் என்றான். சேணத்தை அவிழ்த்தோம். தந்தையார் வாரைப் பிடித்துக்கொண்டார். நான் மறுபக்கம் அதன் தோளில் கை வைத்துக்கொண்டேன். மரநிழல் வரைக்கும் மூவரும் மெதுவாகவே நடந்தோம்.